2147483647: இது பகா எண் என்று எப்படி உறுதிசெய்வது, அதனால் என்ன பயன்?

கேள்வியில் இரண்டு பகுதிகள் இருக்கின்றன. 2147483647 ஒரு பகா எண் என்பதை, கணினி சொல்வதை அப்படியே ஏற்காமல், நாமே எப்படிச் சரிபார்ப்பது? அது பகா எண்ணாக இருப்பதால் நிரல் எழுதுபவருக்கு என்ன கிடைக்கிறது? இரண்டுக்கும் விடை ஒரே இடத்தில்தான் இருக்கிறது. இந்த எண்ணோடு 1 கூட்டினால் 2³¹ வரும். அதில் 2-ஐத் தவிர வேறு காரணியே கிடையாது. 1 கழித்தால் வருவதோ சின்னச் சின்னக் காரணிகளாக உடைந்துபோகும் ஓர் எண். இதன் சிறப்புகளில் பெரும்பாலானவை கூட்டும் பக்கத்திலிருந்தும், குறைகளில் பெரும்பாலானவை கழிக்கும் பக்கத்திலிருந்தும் வருகின்றன. இனி இதை 'ப' என்று குறிக்கிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். குறியுள்ள 32-பிட் முழு எண்ணில் அடங்கும் மிகப்பெரிய மதிப்பு ப. 1970 ஜனவரி 1 முதல் நொடிகளை அப்படி ஓர் இடத்தில் எண்ணி வைக்கும் கணினிகளில், 2038 ஜனவரி 19 அன்று உலகப் பொது நேரம் 03:14:07-க்கு அந்த இடம் நிரம்பிவிடும். இதற்கும் பகா எண் என்ற பண்புக்கும் தொடர்பே இல்லை. 8 பிட்டின் எல்லையான 127 பகா எண்; 16 பிட்டின் எல்லையான 32767 = 7 × 31 × 151; 64 பிட்டின் எல்லையான 2⁶³ − 1 ஏழால் வகுபடும். அடுக்கே பகு எண்ணாக இருந்தால் கதை அங்கேயே முடிந்துவிடும்: 63-ஐ 3 வகுப்பதால் 2³ − 1, அதாவது 7, 2⁶³ − 1-ஐயும் வகுத்தே தீரும். 31 பகா எண் என்பதால்தான் 2³¹ − 1-க்கு வாய்ப்பே கிடைக்கிறது. ஆனால் அது மட்டும் போதாது. 11 பகா எண்தான்; 2¹¹ − 1 = 2047 = 23 × 89.

இந்த இடத்தில் பலர் சறுக்கியிருக்கிறார்கள். 1588-இல் இத்தாலியக் கணித அறிஞர் கட்டால்டி 17, 19 ஆகிய அடுக்குகளைச் சரியாகக் கண்டார்; ஆனால் 23, 29, 31, 37 ஆகியவையும் பகா எண் தரும் என்றார். 1640-இல் ஃபெர்மா 23-ஐயும் 37-ஐயும் உடைத்தார் (2²³ − 1 = 47 × 178481). 29-ஐ ஆய்லர் உடைத்தார்: 233 × 1103 × 2089. மிஞ்சியது 31 மட்டுமே. அதை ஆய்லரே நிரூபித்து 1772-இல் கணித அறிஞர் பெர்னூலிக்குக் கடிதமாக எழுதினார். அந்த நிரூபணத்தை இன்றும் ஒருவர் தாளில் செய்து முடிக்கலாம்.

ப-இன் வர்க்கமூலம் 46340-க்கும் 46341-க்கும் நடுவில் இருக்கிறது. ஆகவே ப-க்கு வகுத்தி இருந்தால் 46340-க்குள் ஒரு பகா வகுத்தி இருந்தாக வேண்டும். அதுவரை பகா எண்கள் ஏறக்குறைய 4800 உண்டு. ஒவ்வொன்றாக வகுப்பதற்கு முன்னால் ஆய்லர் இரண்டு சல்லடைகளைப் போட்டார். ஒரு பகா எண் 'வ', ப-ஐ வகுக்கிறது என்று கொள்வோம். அப்படியானால் 2³¹-ஐ வ-ஆல் வகுத்தால் மீதி 1. 31 பகா எண் என்பதால் 2-இன் அடுக்குகளில் மீதி 1 முதன்முதலாக வருவது 31-ஆவது அடுக்கில்தான். அதனால் வ − 1-ஐ 31 வகுக்க வேண்டும். வ ஒற்றை எண் என்பதால் வ − 1 இரட்டை. ஆகவே வ − 1, 62-இன் மடங்கு. இது முதல் சல்லடை. இரண்டாவது, 2³¹-இன் மீதி 1 என்றால் 2³²-இன் மீதி 2. அதாவது 2¹⁶-இன் வர்க்கம் 2-க்குச் சமம். வ-ஐப் பொறுத்து 2 ஒரு வர்க்க மீதியாகிவிட்டது. இது நடக்க, வ-ஐ 8-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 வர வேண்டும். இரண்டையும் சேர்த்தால், வ-ஐ 248-ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 63 மட்டுமே வர முடியும்.

46340 வரை அப்படிப்பட்ட எண்கள், 1-ஐயும் 63-ஐயும் விட்டுவிட்டால், 372 மட்டுமே. தொடக்கத்தில் வருபவை 249, 311, 497, 559, 745, 807, 993, 1055, 1241, 1303, 1489. இவற்றில் பகா எண்கள் 311, 1303, 1489 மட்டும். மற்றவற்றை வகுத்துப் பார்க்கவே வேண்டாம். 311-ஆல் வகுத்தால் ஈவு 6905092, மீதி 35. இப்படி எல்லாவற்றையும் முடித்தால், ஒன்றுமே மீதியின்றி வகுக்காது. ப பகா எண். 4800 வகுத்தல்கள் நூற்றுக்குள் சுருங்கிவிட்டன. இதோடு எட்டாவது நிறைவெண்ணும் கிடைத்துவிட்டது: 2³⁰ × ப = 2305843008139952128. தன்னைத் தவிர்த்த மற்ற வகுத்திகளையெல்லாம் கூட்டினால் அதே எண் திரும்ப வரும்.

ஆய்லர் வழியில் வகுத்திகளைத் தேட வேண்டும். தேடாமலே முடிக்கும் வழி பின்னால் வந்தது. 1870-களில் லூக்காஸ் தொடங்கி, 1930-இல் லேமர் செம்மைப்படுத்திய சோதனை அது. 4-இல் தொடங்குங்கள், வர்க்கப்படுத்தி 2 கழியுங்கள், ப-ஆல் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அடுக்கைவிட 2 குறைவான தடவை, இங்கே 29 தடவை, செய்த பிறகு 0 வந்தால் பகா எண், வராவிட்டால் இல்லை. ப-க்கு வரிசை இப்படிப் போகும்: 4, 14, 194, 37634, 1416317954, 669670838, 1937259419, … கடைசிக்கு முந்தைய எண் 65536. அதன் வர்க்கம் 2³²; 2 கழித்தால் 2³² − 2 = 2 × ப; மீதி 0. உங்கள் நிரல் சரியா என்று பார்க்க இந்த 65536 நல்ல அடையாளம். ஆறாவது உறுப்பு 669670838 வராவிட்டால், வர்க்கம் 64 பிட்டில் கணக்கிடப்படவில்லை என்று பெரும்பாலும் உறுதியாகச் சொல்லலாம். 1416317954-இன் வர்க்கம் 61 பிட் நீளம்.

பொதுவான பகா எண் சோதனையை எழுதினால் இரண்டு பொறிகளைக் கவனியுங்கள். ஃபெர்மா சோதனையை (ஓர் அடியை, சோதிக்கும் எண்ணைவிட 1 குறைவான அடுக்குக்கு உயர்த்தி, மீதி 1 வருகிறதா என்று பார்ப்பது) 2-ஐ அடியாக வைத்துச் செய்தால், அடுக்கு பகா எண்ணாக உள்ள எல்லா மெர்சென் எண்களும் (2-இன் அடுக்கிலிருந்து 1 கழித்தவை) தேறிவிடும், 2047 உட்பட. அதைவிடக் கடுமையான மில்லர்–ராபின் சோதனையில்கூட 2-ஐ ஏமாற்றும் மிகச்சிறிய போலிப் பகா எண் இதே 2047தான். ஆகவே இந்த வகை எண்களுக்கு 2 என்ற அடி எதையும் சொல்லாது. 32-பிட் எண்கள் அனைத்துக்கும் 2, 7, 61 ஆகிய மூன்று அடிகள் சேர்ந்தால் தவறே வராது. 4759123141-க்குக் கீழே இது நிரூபிக்கப்பட்ட உண்மை.

இரண்டாவது பொறி இன்னும் பொதுவானது. வகுத்துப் பார்க்கும் சுழலில் 'அ × அ ≤ ப' என்று நிபந்தனை எழுதுவது வழக்கம். எல்லாம் 32-பிட் குறியுள்ள எண்களாக இருந்தால் அந்த நிபந்தனை ஒருபோதும் பொய்யாகாது, ஏனென்றால் அந்த வகையில் ப-ஐவிடப் பெரிய எண்ணே இல்லை. அ = 46341 ஆகும்போது வர்க்கம் 2147488281; ஜாவாவில் அது −2147479015 ஆகச் சுருண்டுவிடும்; சுழல் நிற்காமல் ஓடும். கடைசியில் அ = ப ஆனதும் மீதி 0 வந்து, "பகா எண் இல்லை" என்று தவறான விடை வரும். சி மொழியில் இந்த ஓவர்ஃப்ளோவுக்கு விளைவு வரையறுக்கப்படவே இல்லை, கம்பைலர் எதையும் செய்யலாம். 'அ ≤ ப ÷ அ' என்று மாற்றி எழுதினால் சிக்கல் தீர்ந்தது.

இனி 'ப + 1' பக்கம். எனக்கு இந்த எண்ணில் மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

ப-ஆல் வகுத்த மீதிகளை மட்டும் வைத்துக் கணக்குப் போடும் உலகில் அ² + ஆ² = 1 என்ற வட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ப-ஐ 4-ஆல் வகுத்தால் மீதி 3. அப்படிப்பட்ட பகா எண்களுக்கு அந்த வட்டத்தில் சரியாக ப + 1 புள்ளிகள் இருக்கும். இங்கே அது 2³¹. வட்டத்தில் கோணத்தை இரட்டிப்பதுபோல ஒரு புள்ளியை இரட்டிக்கலாம்: (அ, ஆ) என்பது (2அ² − 1, 2அஆ) ஆகும். (2, 1268011823) என்ற புள்ளியை எடுங்கள். 1268011823-இன் வர்க்கத்துக்கு மீதி −3; 4 − 3 = 1; ஆகவே புள்ளி வட்டத்தில்தான் இருக்கிறது. முதல் ஆயத்தின் இரு மடங்கை மட்டும் கவனித்தால் 4-இல் தொடங்குகிறது. ஒவ்வோர் இரட்டிப்பிலும் அது 'வர்க்கம் கழித்தல் 2' ஆகிறது. லூக்காஸ்–லேமர் வரிசை இந்த வட்டத்தில் புள்ளியை இரட்டித்துக்கொண்டே போவதுதான். 29 இரட்டிப்புகளில் முதல் ஆயம் 0 ஆகிறது, இன்னும் இரண்டில் கோணம் பூச்சியமான (1, 0) வந்துவிடும். அதாவது அந்த ஒரே புள்ளியின் மடங்குகளிலிருந்து 2³¹ புள்ளிகளும் பிறக்கின்றன.

இது வெறும் அழகுக்காக அல்ல. வேக ஃபூரியே உருமாற்றம் போன்ற பிரித்தாளும் கணக்கீடுகளுக்கு அளவு 2-இன் பெரிய அடுக்காக உள்ள ஒரு குலம் (தமக்குள்ளேயே சேர்த்துக் கணக்கிடத்தக்க உறுப்புகளின் தொகுதி) தேவை. 1 முதல் ப − 1 வரையுள்ள எண்களாலான பெருக்கல் குலத்தின் அளவு ப − 1. அதில் 2 ஒரே ஒரு தடவைதான் காரணியாக வருகிறது, ஆகவே அது உதவாது. அதனால்தான் அத்தகைய வேலைகளுக்கு 998244353 (119 × 2²³ + 1) போன்ற பகா எண்களைத் தேர்ந்தெடுத்தார்கள். 2024-இல் வந்த வட்டவகை ஸ்டார்க் நிரூபண முறைகள் (ஒரு கணக்கீடு சரியாகச் செய்யப்பட்டதை, அதை மறுபடி செய்யாமலே காட்டுபவை) பெருக்கல் குலத்தை விட்டுவிட்டு மேலே சொன்ன வட்டத்தில் உருமாற்றத்தைச் செய்தன. 32-பிட் சொற்களில் மிக வேகமாக ஓடும் ப-ஐயே இதனால் பயன்படுத்த முடிந்தது.

வர்க்கமூலமும் இதே பக்கத்தின் கொடை. மீதி 3 வகைப் பகா எண்ணில், வர்க்க மீதியான ஓர் எண்ணின் வர்க்கமூலம் வேண்டுமானால் அதை (ப + 1) ÷ 4 அடுக்குக்கு உயர்த்த வேண்டும். இங்கே அந்த அடுக்கு 2²⁹. ஆக, 29 தடவை வர்க்கப்படுத்தினால் வேலை முடிந்தது. இடையில் வேறு பெருக்கலே இல்லை. 2-க்குச் செய்து பாருங்கள், 65536 வரும். முடிவில் விடையை ஒருமுறை வர்க்கப்படுத்திச் சரிபார்க்க மறக்காதீர்கள்: கொடுத்த எண் வர்க்க மீதியாக இல்லாவிட்டால் இதே வழி அதன் எதிர் எண்ணின் மூலத்தைத் தந்துவிடும், எந்த எச்சரிக்கையும் இல்லாமல்.

பெருக்கிய பின் மீதி காண்பதற்கு வகுத்தலே தேவையில்லை என்பதுதான் அன்றாடப் பயன்களில் முதன்மையானது. 2³¹-இன் மீதி 1 என்பதால், எண்ணை 31 பிட்டில் வெட்டி மேல்துண்டைக் கீழ்த்துண்டோடு கூட்டினால், அதாவது மடித்தால், போதும்.

1. இரண்டு எண்களையும் 64 பிட்டுக்கு மாற்றிய பிறகு பெருக்குங்கள். பெருக்கிவிட்டு மாற்றினால் மேல்பாதி ஏற்கெனவே தொலைந்திருக்கும்.
2. கீழ் 31 பிட்டுகளைத் தனியே எடுங்கள், எண்ணை 31 இடம் வலப்புறம் நகர்த்தி மேல்துண்டை எடுங்கள், இரண்டையும் கூட்டுங்கள்.
3. விடை ப-க்குச் சமமாகவோ அதிகமாகவோ இருந்தால் ப-ஐ ஒருமுறை கழியுங்கள்.

ப − 1-ஐ அதனாலேயே பெருக்கிச் சோதிக்கலாம். பெருக்கற்பலன் 2⁶² − 2³³ + 4. மேல்துண்டு 2³¹ − 4, கீழ்த்துண்டு 4, கூட்டல் 2³¹, ப கழிந்தால் 1. மூன்றாம் படியில் 'சமமாகவோ' என்ற சொல் முக்கியம். அதை விட்டால் பூச்சியத்துக்கு 0, ப என்று இரண்டு வடிவங்கள் வந்துவிடும். சமமா என்று ஒப்பிடும் இடங்களில் அரிதாக, காரணம் தெரியாமல் பிழை தலைகாட்டும். கூட்டலுக்குக் குறியில்லாத 32 பிட் போதும்: உச்சபட்சக் கூட்டுத்தொகை 4294967292, இட அளவு 4294967295. பல பெருக்கற்பலன்களைக் கூட்டிவிட்டு ஒரேயடியாக மீதி காணலாம், ஆனால் குறியில்லாத 64 பிட்டில் நான்கு வரைதான் பாதுகாப்பு. அப்போது மடிப்பையும் இருமுறை செய்ய வேண்டும்.

அடுத்தது 'ப − 1'. இதைக் கையால் உடைக்கலாம்: ப − 1 = 2 × (2³⁰ − 1) = 2 × (2¹⁵ − 1) × (2¹⁵ + 1). 32767 = 7 × 31 × 151; 32769 = 9 × 11 × 331. ஆக, 2 × 3² × 7 × 11 × 31 × 151 × 331. இந்தக் காரணிப்பாடு கைவசம் இருந்தால் ஓர் எண் பிறப்பாக்கியா, அதாவது அதன் அடுக்குகள் 1 முதல் ப − 1 வரை எல்லாவற்றையும் தருகின்றனவா என்பதை ஏழு சோதனைகளில் முடிக்கலாம். ப − 1-ஐ 2, 3, 7, 11, 31, 151, 331 ஒவ்வொன்றாலும் வகுத்து அந்த அடுக்குக்கு உயர்த்துங்கள். எங்கும் 1 வரக்கூடாது. தேறும் மிகச்சிறிய எண் 7. 2 படுதோல்வி அடைகிறது; அதன் அடுக்குகள் 31 படிகளிலேயே 1-க்குத் திரும்பிவிடும். மொத்தம் 534600000 பிறப்பாக்கிகள், ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு.

புகழ்பெற்ற 16807 வந்தது இங்கிருந்துதான். அது 7⁵; 5 என்பது ப − 1-ஐ வகுக்காததால் அதுவும் பிறப்பாக்கியே. முந்தைய எண்ணை 16807-ஆல் பெருக்கி மீதி எடுக்கும் ரேண்டம் எண் முறை 1969-இல் முன்வைக்கப்பட்டது; 1988-இல் பார்க், மில்லர் இருவரும் அதைக் குறைந்தபட்சத் தரமாகப் பரிந்துரைத்தார்கள். 1-இல் தொடங்கினால் 16807, 282475249, 1622650073, 984943658 என்று போகும். 10000-ஆவது எண் 1043618065 வர வேண்டும். பின்னர் அவர்கள் பரிந்துரைத்த 48271-க்கு அதே இடத்தில் 399268537. 64-பிட் பெருக்கல் இல்லாத சாதனத்தில் ஷ்ராகே முறை உதவும்: ப = 16807 × 127773 + 2836 என்பதால், எண்ணை 127773-ஆல் வகுத்து, மீதியை 16807-ஆலும் ஈவை 2836-ஆலும் பெருக்கிக் கழித்து, எதிர்மறையானால் ப-ஐக் கூட்டினால் எதுவும் 32 பிட்டைத் தாண்டாது.

தொடக்க எண்ணாக 0 அல்லது ப கொடுத்தால் இறுதிவரை பூச்சியம்தான் வரும். மிகச்சிறிய எண் வந்தால் அடுத்ததும் சிறியதே: பத்து லட்சத்தில் ஒன்றுக்கும் குறைவான பின்னம் வந்தால் அடுத்தது 0.016807-ஐத் தாண்டாது. முழுச் சுழற்சியே 2147483646 எண்கள்தான். இன்றைய கணினி சில நொடிகளில் அதைத் தீர்த்துவிடும். பயிற்சிக்கும் சிறு விளையாட்டுகளுக்கும் சரி, பெரிய உருவகப்படுத்தலுக்கு வேண்டாம்.

ரகசியக் குறியீட்டுக்கு இதை நினைத்தே பார்க்கக்கூடாது. எண் சிறியது என்பது ஒரு காரணம். ப − 1-இன் மிகப்பெரிய பகாக் காரணி 331 என்பது இன்னொரு காரணம். போலிக்–ஹெல்மன் முறையில், 7-இன் எந்த அடுக்கு கொடுத்த எண்ணைத் தரும் என்ற கேள்வியை 2, 9, 7, 11, 31, 151, 331 அளவுள்ள ஏழு சிறு தேடல்களாகப் பிரிக்கலாம். எல்லாம் சேர்த்து 542 சாத்தியங்கள்.

சொற்களை எண்களாக மாற்றும் ஹாஷ் போடும்போதும் அளவுதான் தடை. ஏறத்தாழ 54500 சொற்கள் இருந்தாலே ஏதோ இரண்டு மோதுவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு; ஒரு லட்சத்தில் அது பத்துக்கு ஒன்பது. அங்கே 2⁶¹ − 1 நல்லது. அதுவும் மெர்சென் பகா எண், அதே மடிப்பு வேலை செய்யும், 128-பிட் பெருக்கல் மட்டும் வேண்டும்.

கடைசியாக, 31 என்பதே 2⁵ − 1 என்பதால், ப-ஐயே அடுக்காக வைத்தால் இன்னொரு பகா எண் கிடைக்குமா என்று கேட்கத் தோன்றும். 646456993 இலக்கங்கள் கொண்ட 2-இன் ப-ஆவது அடுக்கு கழித்தல் 1 பகு எண். ஆய்லரின் முதல் சல்லடை இங்கும் பொருந்தும்: வகுத்திகள் 2 × ப-இன் மடங்கோடு 1 சேர்ந்தவையாக இருக்க வேண்டும். அப்படி ஒன்று 2 × 68745 × ப + 1 = 295257526626031. அவ்வளவு பெரிய எண்ணை எழுதாமலே இதைச் சரிபார்க்கலாம்: 2-இல் தொடங்கி, ஒவ்வொரு முறையும் 295257526626031-ஆல் வகுத்த மீதியை வைத்துக்கொண்டு 31 தடவை வர்க்கப்படுத்துங்கள், மறுபடி 2 வரும். இந்த வகுத்தி 49 பிட் நீளம் என்பதால் இடையில் வரும் வர்க்கங்கள் 97 பிட் வரை போகும். 64-பிட் எண்களில் எழுதினால் தவறான விடைதான் வரும்.